நாய்க்குத் திடீரென மூச்சு முட்டினால்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வெயில் நேரத்தில் நாய் முற்றத்துக் கல்தரையில் படுத்து நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பே. ஆனால் நிழலில் ஓய்ந்த பிறகும் இளைப்பு அடங்காமல், கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, படுக்க மறுத்து நின்றால் அது ஆபத்தின் அறிகுறி.

முதலில் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள். நீலம் பாய்ந்தோ வெளிறியோ இருந்தால் உடனே புறப்பட வேண்டும். இல்லையெனில் விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். உறங்கும்போது நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டுவது சரியல்ல. மூச்சை உள்ளிழுக்கையில் கரகரவென ஓசை எழுந்தால் கோளாறு பெரும்பாலும் தொண்டையிலோ குரல்வளையிலோ இருக்கும். ஓசையின்றி மேலோட்டமாக, வேகமாக மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சுற்றி நீரோ காற்றோ சேர்ந்திருக்கலாம். வயதான நாய் இருமவும் செய்தால், இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்திருக்குமோ என்றும் மருத்துவர் ஐயுறுவார். வண்டி வரும் இடைவெளியில் நாய் மூச்சு வாங்குவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். நம் வர்ணனையைவிட அது அவருக்குப் பயன்படும்.

வாயில் தண்ணீர் புகட்டுவதும் மல்லாக்கப் படுக்கவைப்பதும் கூடாது. மருத்துவமனையிலும் முதலில் ஆக்சிஜன் கொடுத்து, நாய் உட்கார்ந்த நிலையிலேயே அல்ட்ராசவுண்ட் பார்த்து, தேவையானால் மார்புக்குள் ஊசியிட்டு நீரை வெளியேற்றி, மூச்சு சற்றுச் சீரான பின்னரே எக்ஸ்-ரே எடுப்பார்கள். அதைத் தாமதம் என்று எண்ணி அவசரப்படுத்தாதீர்கள்.