பருவ ஜர்னல் எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவம் மாறும்போது ஒரு நோட்டை எடுத்து, அடுத்த சில மாதங்களுக்கான திட்டங்களையும் தனக்கான தீர்மானங்களையும் எழுதி, வரைந்து, ஒட்டி வைக்கும் பழக்கம் இப்போது நிறையப் பேரிடம் இருக்கிறது. நல்ல பழக்கம். ஆனால் ஆசையாகத் தொடங்கிய பல நோட்டுகள் ஆறேழு பக்கத்தோடு நின்றுபோகின்றன. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "எனக்குச் சோம்பல்", "எனக்கு வரைய வராது" என்று தங்கள்மேலேயே பழி போட்டுக்கொள்வார்கள். காரணம் பெரும்பாலும் அதுவல்ல. பருவம் தொடங்குவதற்கு முன்பே பக்கம் முடிந்துவிட்டது, அதுதான் சிக்கல். முதல் நாளே எல்லாக் கட்டமும் நிரம்பி, எல்லா ஓரமும் வண்ணம் பூசி நிற்கும் பக்கத்தில், இனி நடக்கப்போவதை எழுத இடம் ஏது? கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பல இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதல் நாளே முடிந்துவிடும் பக்கம்

தலைப்பு எழுத ஒரு மணி நேரம், ஓரத்தில் கொடி வரைய ஒரு மணி நேரம், வாஷி டேப் (வண்ணக் காகித டேப்) ஒட்டி ஸ்டிக்கர் தேர்ந்தெடுக்க இன்னொரு மணி நேரம். அந்த உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். வரைவது மனசுக்கு ஓய்வு. வரிசைதான் தவறு. அலங்காரம் முதலில் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அடித்துத் திருத்தக் கை வராது. திட்டம் என்றால் பாதியில் மாறத்தான் செய்யும். அடிக்க மனம் வராத பக்கத்தில் அதை எழுதி வைத்தால், முதல் மாற்றம் வந்ததுமே நோட்டைத் திறக்கத் தயக்கம் வந்துவிடும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களை ஒரு பருவத்துக்கு ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் பருவத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஒரே ஒரு தீர்மானம், மூன்று நான்கு வேலைகள், அவ்வளவு போதும். பென்சிலில் எழுதினால் இன்னும் நல்லது. வலது பக்கத்தை முழுசாக வெறுமையாக விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, அந்த வாரத்தில் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை அங்கே சேர்த்தால் போதும். சாயங்கால வானத்தின் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம், வாசலில் உதிர்ந்து கிடந்த இலையின் கோட்டுப்படம், யாரோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரி. மூன்று மாதப் பருவம் என்றால், 13 வாரம் கழிந்து பார்க்கும்போது பக்கம் நிறைந்திருக்கும். அதில் இருப்பது ஒவ்வொன்றும் அந்தப் பருவத்தில் நிஜமாகவே நடந்ததாக இருக்கும்.

எது பருவம் என்பதையும் காலண்டர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றில்லை. ஆண்டை நான்காகப் பிரித்தால் ஒரு பருவம் 3 மாதம். கார், கூதிர், முன்பனி என்று ஆறாகப் பிரித்தால் 2 மாதம். படிக்கிறவருக்கு அடுத்த தேர்வு வரைக்கும் ஒரு பருவம், கைக்குழந்தையோடு இருப்பவருக்கு அடுத்த 8 வாரமே ஒரு பருவம். வாழ்க்கை எங்கே திரும்புகிறதோ அங்கே கோடு போட்டுக்கொள்ளலாம்.

தீர்மானத்தை வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுவது

பொறுமையாக இருக்க வேண்டும். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பாவோடு அதிகம் பேச வேண்டும். அலமாரியை ஒழித்து வைக்க வேண்டும். இந்த நான்கும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைப் பல ஜர்னல்களில் பார்க்கலாம். பல் டாக்டரும் அலமாரியும் வேலைகள், முடித்துவிட்டு டிக் அடிக்கலாம். பொறுமையை எந்தத் தேதியில் டிக் அடிப்பது? அது பருவம் முழுக்க அப்படியே கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் உறுத்தும். உறுத்தல் கூடக்கூட நோட்டைத் திறப்பது குறையும்.

எப்படி இருக்க விரும்புகிறோம் என்பது தீர்மானம். அதற்குத் தனி இடம் வேண்டும், அதைக் கட்டிப்போட ஒரு செயலும் வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1997இல் அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டாட்டரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பும் மாணவர்களிடம், பண்டிகைக்கு முந்தின நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் அனுப்பிவிட்டார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அனுப்பினார்கள். இரண்டு தரப்புக்கும் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றுதான். நேரமும் இடமும் குறித்ததுதான் வித்தியாசம்.

இதை நோட்டில் எப்படிக் கொண்டுவருவது? "அப்பாவோடு அதிகம் பேச வேண்டும்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அதன் கீழே ஒரு விரல் அகலம் விட்டு இப்படி எழுதுங்கள்: "ஞாயிறு காலை துணி உலர்த்தி முடித்துப் பக்கெட்டைக் கீழே வைத்ததும், மாடியிலேயே நின்று அப்பாவுக்குப் போன் போடுவேன்." கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பக்கெட்டைக் கீழே வைக்கும் அந்த நொடி வாரா வாரம் வரும், வரும்போது ஞாபகத்தையும் இழுத்துக்கொண்டு வரும். "அதிகம்" என்ற சொல்லுக்கு அந்தச் சக்தி கிடையாது. அந்த வரியின் பக்கத்தில் 13 சின்ன வட்டங்கள் போட்டு, பேசிய வாரங்களில் நிரப்பி, என்ன பேசினோம் என்று இரண்டு சொல் எழுதி வையுங்கள். "முழங்கால் வலி." "சைக்கிள் கதை." இந்த இரண்டு சொற்கள்தான் பிறகு படிக்கும்போது மதிப்பாகத் தெரியும்.

பொறுமை போன்றவற்றுக்கும் இதே வழிதான். எங்கே பொறுமை போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும் நேரத்திலா, அலுவலகக் கூட்டத்திலா? அந்த இடத்தைக் குறித்து, அங்கே என்ன செய்வேன் என்று ஒரு வரி. மொத்தத்தில் பருவத்துக்கு ஒரு தீர்மானம், மிஞ்சினால் இரண்டு. பத்துத் தீர்மானம் எழுதிய பக்கத்தில் எதற்கும் கவனம் போகாது.

நடந்துவிட்டது போன்ற படங்கள்

கனவு வீடு, கடற்கரை, மெலிந்த உடம்பு என்று வெட்டி ஒட்டிய படங்களாலேயே சிலர் பருவத் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கனின் ஆய்வுகள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்து அவரும் தாமஸ் வாடனும் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடை குறையும் என்று நம்பியவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் மெலிந்துவிட்ட தன்னை இனிமையாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் குறைந்தது. கற்பனையிலேயே கிடைத்துவிட்டதால் உடம்பின் வேகம் தணிந்துபோகிறது என்பது எட்டிங்கனின் விளக்கம். படத்தை ஒட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டினால், அதன் கீழேயே "குறுக்கே நிற்பது எது?" என்று ஒரு கேள்வி எழுதி நேர்மையாகப் பதில் எழுதுங்கள். "ராத்திரி பன்னிரண்டு வரை போன் பார்ப்பது" என்று வந்தால், இனி திட்டம் போட வேண்டியது அதைப் பற்றித்தான்.

13 வாரம் அவ்வளவு பெரியதில்லை

மூன்று மாதம் என்றால் நிறைய இருப்பதுபோலத் தோன்றும். 13 வாரம் என்று எழுதிப் பாருங்கள். ஊருக்குப் போகும் வாரம், காய்ச்சலில் போகும் வாரம், விருந்தினர் வரும் வாரம் என்று கழித்தால் ஒன்பது பத்துதான் கையில் நிற்கும். நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுவது மனித இயல்பு. 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் இதற்குத் "திட்டமிடல் பிழை" (planning fallacy) என்று ஒரு பெயரே வைத்தார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை 34 நாளில் முடித்துவிடுவோம் என்று சொன்ன மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் பட்டியல் போட்ட பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எத்தனை வாரம் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒன்பதைத் தாண்டினால் அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள்.

அன்றாடப் பழக்கங்களை நாளுக்கு ஒரு கட்டமாகக் குறிக்கும் டிராக்கரிலும் இதே பேராசைதான் வேலை செய்கிறது. தண்ணீர், தூக்கம், நடை, மனநிலை, வாசிப்பு என்று பன்னிரண்டு வரி, 30 கட்டம். மாதத்துக்கு 360 கட்டம் நிரப்ப வேண்டும் என்பது ஒரு வேலையாகவே ஆகிவிடும். இரண்டு வரி போதும். நடுவில் விடுபட்ட கட்டத்துக்காகப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அடுத்த மாதம் முதல் தேதிக்குக் காத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பழக்கம் தன்னியல்பாக வர ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடுகிறது. நடு அளவு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறிப்போவது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. விட்ட கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். அடுத்த கட்டத்தை நிரப்புங்கள்.

காகிதம், மை, பசை

சின்ன விஷயங்கள் என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கம் பாழானதும் மனம் விட்டுப்போகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று சொல்வார்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாளில் பால்பாயின்ட், ஜெல் பேனா பிரச்சினையில்லை. ஆல்கஹால் மார்க்கர் பின்பக்கம் ஊறிவிடும், வாட்டர்கலர் பூசினால் தாள் சுருண்டுவிடும். வண்ணம் பூசுவதுதான் உங்கள் ஆசை என்றால் 160 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேல் தேடுங்கள். இல்லையென்றால் கனமான தாளில் தனியாக வரைந்து ஒட்டலாம். எந்த நோட்டாக இருந்தாலும் கடைசிப் பக்கத்தில் உங்களிடம் இருக்கும் எல்லாப் பேனாவாலும் ஒரு கோடு போட்டு, திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெல் பேனாவில் எழுதியதன்மேல் உடனே ஹைலைட்டர் இழுத்தால் மை கரைந்து இழுபடும். முதலில் ஹைலைட்டர், அது காய்ந்த பிறகு எழுத்து. நீர்ப்பசை தாளைச் சுருக்கும், குச்சிப்பசை அந்தத் தொல்லை தராது. எல்லாவற்றையும் ஒரே மூலையில் ஒட்டினால் நோட்டு அந்தப் பக்கம் வீங்கி மூடாமல் நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் இடம் மாற்றி ஒட்டுங்கள். இலையையோ பூவையோ பறித்த ஈரத்தோடு ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு மூன்று வாரம் காய விட்டு எடுத்தால் வண்ணம் ஓரளவு நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பேருந்து டிக்கெட், சினிமா டிக்கெட், பில் போன்றவை பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகின்றன. அதில் மையே கிடையாது, தாளில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அது மங்கும், மேலே செல்லோ டேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆசையாக ஒட்டி வைத்த டிக்கெட் சில வருடத்தில் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். ஒட்டும்போதே பக்கத்தில் தேதியையும் இடத்தையும் யாரோடு போனீர்கள் என்பதையும் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மற்றவர் பக்கத்தைப் பார்த்து எழுதுவது

இணையத்தில் படமாகப் பார்க்கும் மற்றவர்களின் ஜர்னல் பக்கங்களிலிருந்து எழுத்து வடிவத்தையோ வண்ணச் சேர்க்கையையோ எடுத்துக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை. கட்டங்களையும் தலைப்புகளையும் அப்படியே எடுப்பதுதான் ஆபத்து. அந்தத் தலைப்புகள் அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தவை. ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கிறவருக்கு "அதிகாலை வழக்கம்" என்ற கட்டம் எதற்கு?

இன்னொரு பக்கம், வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நல்லதை மட்டுமே எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு நோட்டு. வரைவதும் ஒட்டுவதும் திட்டமும் ஒன்றில், மனசைத் திறப்பது இன்னொன்றில். இரண்டாவதில் அழகு வேண்டாம், கிறுக்கல் போதும், பூட்டி வையுங்கள்.

திரும்பிப் படிக்காமல் விடுவது

வேலைகளைச் சின்னக் குறிகளோடு சுருக்கமாகப் பட்டியலிடும் புல்லட் ஜர்னல் முறையை 2013இல் பொதுவெளியில் வைத்த ரைடர் கரோல், முடியாத வேலைகளை அடுத்த மாதத்துக்குக் கையால் திரும்ப எழுதச் சொல்கிறார். மறுபடி எழுதும் சிரமத்துக்குத் தகுதியில்லாத வேலை, செய்யவும் தகுதியில்லாததாக இருக்கலாம் என்பது அதன் காரணம். பருவ ஜர்னலில் இதை இரண்டு தடவை செய்தால் போதும். ஆறாவது வாரம் ஒருமுறை, கடைசி வாரம் ஒருமுறை. நாள் குறிக்காவிட்டால் நடக்காது, ஆகவே தொடங்கும் அன்றே அந்த இரண்டு தேதிகளையும் இடது பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உட்காரும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுங்கள். முடிந்ததற்கு டிக், தொடர்வதற்கு அம்புக்குறி, விடுவதற்கு ஒரு கோடு. கோடு போட்டதன் பக்கத்தில் ஏன் என்று நான்கு சொல் எழுதுங்கள். "ஆசை இல்லை, ஊருக்காக எழுதியது." "நேரம் இல்லை, அடுத்த ஆண்டு." தொடர்ந்து மூன்று பருவமாக அம்புக்குறியோடு நகரும் வரி ஏதாவது இருந்தால், அதை நான்காவது தடவை எழுதும் முன், அதில் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்டு, அந்த அரை மணி நேர வேலையை மட்டும் புதுப் பக்கத்தில் எழுதுங்கள்.