வன்னி வீட்டிலிருந்து பகிடிக் குரல்: ஒரு நிமிட மாதிரிப் பதிவு செய்யும் முறை

வானொலி நாடகமோ, கார்ட்டூன் டப்பிங்கோ, குறும்படமோ, நகைச்சுவைக் குரல் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு நிமிட மாதிரிப் பதிவுதான். நாலு குரல் போதும். ஒவ்வொன்றும் 12 முதல் 15 விநாடி. பத்துக் குரல் போட்டால் அதில் ஆறு ஒரே ஆளாகத்தான் கேட்கும். ஆகத் திறமான குரலை முதலில் வையுங்கள். பின்னணி இசையும் "வணக்கம், நான்..." என்ற அறிமுகமும் வேண்டாம்.

குரலைத் தேடமுதல் ஆளைத் தேடுங்கள். பஸ்கள் நின்று போகிற முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விற்கிற ஆச்சியை எடுத்துக்கொள்வோம். பஸ் வெளிக்கிடமுதல் விற்று முடிக்கவேணும். அந்த அவசரம்தான் அவவின் வேகம், அரைமூச்சு, வசன முடிவில் ஏறும் தொனி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறகு கொப்பியில் எழுதுங்கள்: ஒலி மூக்கிலா நெஞ்சிலா, தாடை இறுக்கமா தளர்வா, மூச்சு எந்த இடத்தில். கீழே ஒரு சாவி வசனம்: "தம்பி, சூடு ஆறேல்லை, கை வைச்சுப் பார்." மூன்று மாதம் கழித்து அடுத்த பாகத்துக்குக் கூப்பிடும்போது பழைய குரல் திரும்பி வராமல் முழிப்பவர்கள் அநேகம். சாவி வசனத்தைப் போனிலும் பதிந்து வைத்தால் அதைக் கேட்டுவிட்டு அந்தக் குரலுக்குள் போகலாம்.

இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் கதைத்தார்கள். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்ற பாத்திரப் பெயர்கள் நடிகர்களின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டன. ஆனால் வட்டாரப் பேச்சை மட்டும் நம்பவேண்டாம். மலையகப் பேச்சையோ மட்டக்களப்புப் பேச்சையோ நக்கலுக்கு எடுத்தால் அந்த ஊராள் இரண்டாம் சொல்லிலேயே பிழை பிடிப்பார்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். மூச்சும் அங்கேதான் தீரும். அதனால் பகிடியின் முடிவு விழுங்கப்படுகிறது. "வெறுங்கையோட மாப்பிள்ளை வந்து நிக்கிறார்" என்றால் பகிடி முதற் சொல்லிலேயே உடைந்துவிடும். "மாப்பிள்ளை வந்து நிக்கிறார்... வெறுங்கையோட" என்று மாற்றுங்கள். இடையில் அரை விநாடி நிறுத்தம், அதற்குள் ஒரு குட்டி மூச்சு. கடைசிச் சொல்லைக் கத்தவேண்டாம், தெளிவாய் வைத்தால் போதும்.

இனி அறை. தகரக்கூரை வீட்டில் மத்தியானம் பதியாதீர்கள். வெயிலில் தகரம் விரிந்து டக் டக்கென்று சத்தம் போடும். அதிகாலை நல்ல நேரம்தான், மயில் விட்டால். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சத்தத்தை மெத்தையாலும் தடுக்க முடியாது. அது போகும்வரை பொறுங்கள். மெத்தையும் போர்வையும் எதிரொலியை மட்டும் குறைக்கும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து, அதைப் பார்த்தபடி நின்று, பின்பக்கம் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். நேரே ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் கதைத்தால் 'ப' வெடிக்காது. கத்தும் வசனத்துக்கு இரண்டு சாண் பின்னால் போங்கள். பதியும் செயலியின் ஒலிமானியில் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது. சிவப்பில் அடித்த பதிவைப் பிறகு திருத்த இயலாது. பதிவு அமைப்பில் 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் (WAV) கோப்பு என்று வையுங்கள். தொடக்கத்தில் 5 விநாடி ஒன்றும் கதைக்காமல் பதியுங்கள், இரைச்சல் நீக்க உதவும். கத்தும் வசனங்கள் கடைசியில்தான். முதலில் பதிந்தால் மற்ற மூன்று குரலும் கரகரக்கும்.

டப்பிங்குக்கான மாதிரிப் பதிவும் சேர்ப்பதென்றால் திரையில் பாத்திரத்தின் வாய் மூடும் இடங்களைக் குறியுங்கள். 'ப', 'ம' அங்கே விழவேணும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் தவறினாலும் கண் மன்னிக்கும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப் குரற்பதிவாய் அனுப்பினால் தரம் நசுங்கும், டொக்குமென்றாக அனுப்புங்கள். வேலை கிடைத்தால், குரல் எங்கே, எவ்வளவு காலம் ஒலிக்கும் என்று பதியமுதலே எழுத்தில் கேளுங்கள். கோப்பைக் கொடுத்த பிறகு சம்பளம் கதைக்கிறது கஷ்டம்.