கோதுமையும் பாலும் இல்லாத இரவுச் சாப்பாடு

என் மகளுக்கு சீலியாக் நோய்; கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலைப் பாதிக்கும். மகனுக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. வேலை முடிந்து ஆறரைக்கு வந்து, ஏழரைக்குள் எல்லார் தட்டிலும் ஒரே சாப்பாடு வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அவர்கள் மனம் சுருங்கிப்போகும்.

குளூட்டன் நீக்கிய ரொட்டி, பாஸ்தா என்று தேடி அலைய வேண்டாம். அரிசி, உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் இயல்பிலேயே குளூட்டனும் பாலும் இல்லாதவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

நான் அடிக்கடி செய்வது கொண்டைக்கடலை. முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மாலையில் 2 வெங்காயம், 4 தக்காளியை எண்ணெயில் நன்றாக வதக்கி, வெந்த கடலை 3 கப், உப்பு, மிளகுத்தூள் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அப்புறம் ஒரு கைப்பிடி கீரை, 1 கப் தேங்காய்ப்பால். கிரீம் ஊற்றியது போலவே கெட்டியாக வரும். நாலு கடலையை மசித்துவிட்டால் இன்னும் நல்லது. சோறு போதும்.

சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். லேபிளைப் படிக்காமல் நான் ஊற்றிவிட, மகள் இரவெல்லாம் வயிற்று வலியில் துடித்தாள். ‘லாக்டோஸ் இல்லை’ என்ற பாலில் பாலின் சர்க்கரைதான் இருக்காது; பால் புரதம் அப்படியே உண்டு. கோதுமை நூடுல்ஸ் வடித்த வடிதட்டில் குளூட்டன் ஒட்டியிருக்கலாம்; அதையும் தனியாக வைத்துவிடுங்கள்.