டிரில்லுக்கு மசியாத பழைய இரும்புப் பெட்டி

பழைய இரும்புப் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியின் கனத்தை நம்பிக்கொண்டு வருகிறார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறதே, இதை யார் துளைக்கப் போகிறார்கள் என்று கேட்பார்கள். கனம் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம், அவ்வளவுதான். துளைப்பதற்கு அது தடையே இல்லை. சாதாரண இரும்பாக இருந்தால் 10 மி.மீ. கதவுத் தகட்டை இன்றைய நல்ல பிட், அதாவது டிரில்லின் துளைக்கும் முனை, சில நிமிடங்களில் கடந்துவிடும்.

அந்தக் காலத்தில் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அறிந்த பிட் கார்பன் ஸ்டீல். 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினாலே முனை மழுங்கிப்போகும். டெய்லர், ஒயிட் என்ற இருவர் உருவாக்கி, 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் உலகம் பார்த்த ஹை ஸ்பீடு ஸ்டீல், 600 டிகிரி வரை தன் கடினத்தை விடாது. 1920களில் ஜெர்மனியில் அதைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைகளும் வந்துவிட்டன. பெட்டி அப்படியேதான் இருக்கிறது, எதிரில் நிற்கும் பிட்தான் மாறிவிட்டது. அதனால் நாமும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது.

முழுப் பெட்டியையும் கெட்டியாக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். டிரில் பிடித்திருப்பவனுக்குக் கதவில் பெரிய ஓட்டை வேண்டாம். பூட்டை எட்டும் அளவுக்கு ஒரு சிறு துளை போதும். ஆகவே காக்க வேண்டியது பூட்டையும், கைப்பிடியைத் திரும்பவிடாமல் அது தடுக்கும் இடத்தையும்தான். இரண்டும் சேர்ந்தே ஒரு சாண் சதுரத்துக்குள் அடங்கிவிடும். உழைப்பு, கவனம் எல்லாம் அங்கே போகட்டும்.

வேலை தொடங்கும் முன் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். வெளித்தகடு மெலிதாக, உள்ளே மாவு போலவோ சுண்ணாம்பு போலவோ அடைத்திருந்தால் அது தீக்காப்புப் பெட்டி. தாள்கள் எரியாமல் காக்கச் செய்தது, திருடனை மனதில் வைத்துச் செய்ததல்ல. அதில் கடினத் தகடு போட்டாலும் பக்கச் சுவர் வழியாக வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் நகை வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்னொன்று, பழைய அடைப்புகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். சந்தேகம் இருந்தால் அந்த அடைப்பைச் சுரண்டாதீர்கள், துளைக்காதீர்கள், தூசி கிளப்பாதீர்கள். சோதித்துச் சொல்லக்கூடியவரிடம் காட்டிய பிறகுதான் மற்ற வேலை.

கதவு தடித்த இரும்பாக இருந்தால் மேலே போகலாம். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உள்பக்க மூடித்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் டார்ச் அடித்து இடுக்கு வழியாகப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த ஊசி ஏதாவது மூடித்தகட்டில் சாய்ந்து நிற்கிறதா? அது மறுபூட்டு. பூட்டை யாராவது இடித்து உடைத்தால் தானாகப் பாய்ந்து தாழ்களைப் பிடித்துக்கொள்ளும். தெரியாமல் மூடியை எடுத்தால் அந்த நிமிடமே அது பாய்ந்துவிடும். கதவு திறந்திருப்பதால் பெட்டிக்கு ஆபத்தில்லை, ஆனால் அதைத் திரும்ப ஏற்றி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதென்றால் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மூடியை எடுத்ததும் ஒவ்வொரு பாகத்தையும் இருந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தகடு. பூட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இதைப் பொருத்துகிறோம். சாதாரண இரும்பில் இன்னொரு தகடு வைத்தால் பலன் மிகக் குறைவு. சுரங்க வண்டிகளிலும் கல் உடைக்கும் இயந்திரங்களிலும் தேய்மானத்துக்குப் போடும் கடினத் தகடு வேண்டும். கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 500 உள்ளதைக் கேளுங்கள். 6 மி.மீ. தடிமன் போதும். 150 மி.மீ. சதுரம் வெட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோதான் வரும், கீல் தாங்கும். வெட்டுவதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிடுங்கள், பின்னால் நாமே துளைப்பது பெரும்பாடு. வாட்டர்ஜெட்டில், அதாவது பீய்ச்சும் தண்ணீரால், வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அதில் சூடு ஏறாது. இந்தத் தகடு 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் கடினத்தை இழக்கத் தொடங்கும். கேஸ் வெட்டு வேண்டாம். கதவோடு வைத்து வெல்டிங் அடிப்பது அதைவிட மோசம். காசு கொடுத்து வாங்கிய கடினத்தை நாமே சுட்டுக் கெடுத்த கதையாகிவிடும். ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள்.

ஆனால் கடினத் தகடு மட்டும் இருந்தால் கார்பைடு பிட் மெதுவாகவாவது உள்ளே போகும். கார்பைடுக்கு ஒரு பலவீனம் உண்டு. நேராக அழுத்தினால் எதையும் தின்னும், பக்கவாட்டில் அடி பட்டால் சில்லுச் சில்லாக உடையும். அதை உடைக்க நான் நம்புவது பேரிங் குண்டுகளை. 10 மி.மீ. இரும்புத் தகட்டில் வரிசையாகக் குழிகள் போட்டு, 8 மி.மீ. குண்டுகளை கிரீஸோடு இட்டு, மேலே கடினத் தகட்டால் மூடுவேன். குண்டுகள் குழிக்குள் தாராளமாகச் சுழல வேண்டும், இறுகக்கூடாது. பிட் தொட்டதும் குண்டும் கூடவே சுழலும். பாசி படிந்த கூழாங்கல்லில் கால் வைத்தது போல முனை வழுக்கி ஓரத்தில் சிக்கி முறியும். இரண்டு வரிசைக் குண்டுகள் நேருக்கு நேராக இல்லாமல் மாற்றி மாற்றி அமைய வேண்டும், இல்லையென்றால் நடுவில் நேரான சந்து கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்பதுதான் உண்மையான சிக்கல். 6 மி.மீ. தகடு வைத்தால் பூட்டு 6 மி.மீ. பின்னால் போகும். குண்டுத் தகடும் சேர்ந்தால் 16 மி.மீ. பூட்டின் நாக்கு தாழ்களைச் சரியான தளத்தில் தடுக்க வேண்டுமே, அது தவறிவிடலாம். மூடித்தகடும் உட்காராமல் போகலாம். சாவிப் பூட்டென்றால் சாவியின் தண்டும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும், புதுச் சாவி செய்ய நேரும். எண் பூட்டில் இது சுலபம், நீளமான தண்டு மாற்றிக்கொள்ளலாம். அளந்து பார்த்துவிட்டு, இடம் இல்லையென்றால் தகடு மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதி பொருந்திய குண்டுத் தகட்டைவிட ஒழுங்காகப் பொருந்திய ஒற்றைத் தகடு எவ்வளவோ மேல்.

கண்ணாடி மறுபூட்டு பற்றிச் சிலர் கேட்பார்கள். டிரில் பட்டால் உடையும் கண்ணாடி, அது உடைந்ததும் கம்பி தளர்ந்து ஊசிகள் பாயும். நல்ல ஏற்பாடு, ஆனால் வீட்டுப் பெட்டிக்கு நான் போடுவதில்லை. கதவை யாராவது ஓங்கிச் சாத்தினாலும் அது உடையலாம். அப்புறம் உரிமையாளரே வெளியில் நிற்க வேண்டியதுதான்.

பக்கங்களுக்குச் செய்ய வேண்டியது குறைவு. சுவர் மூலையில் ஒட்டி வைத்து, காங்கிரீட் தரையில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் உள்ளிருந்து இறுக்குங்கள். இதைச் செய்யாமல் தகடு போடுவது வீண் என்று நினைக்கிறேன். பெட்டியைச் சாய்த்துக் கிடத்திவிட்டால் திருடன் தன் உடல் எடை முழுவதையும் டிரில்லின் மேல் கொடுக்கலாம். நின்ற நிலையில் கையால் தள்ளிக் கடினத் தகட்டைத் துளைப்பது வேறு வேலை.

எல்லாம் மாட்டியதும் கதவைச் சாத்தாதீர்கள். திறந்த நிலையிலேயே தாழ்களை வெளியே விட்டு, பூட்டித் திறந்து, குறைந்தது 20 முறை சோதியுங்கள். ஓரிடத்தில் லேசாக உரசினாலும் கழற்றிப் பாருங்கள். மாற்றுச் சாவியையும் அதே மாதிரி போட்டுப் பாருங்கள். அதிர்வை உணரும் அலாரம் ஒன்றையும் கட்டாயம் உள்ளே ஒட்டுங்கள். சோதனைக்கூடங்களில் பெட்டியின் தரத்தை நிமிடக் கணக்கில்தான் சொல்கிறார்கள். டிஎல்-15 என்ற தரம் என்றால் கருவிகளோடு 15 நிமிட வேலையைத் தாங்கும் கதவு. நாம் போட்ட தகடும் நிமிடங்களைத்தான் வாங்கித் தருகிறது. அந்த நிமிடங்களில் யாராவது வந்து சேர வேண்டும்.

நாமாக மாற்றிய பெட்டிக்கு அப்படிப்பட்ட தரச்சான்று கிடைக்காது. காப்பீடு இருந்தால் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். தகட்டின் அளவு, துளைகளின் இடம், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள் வைக்காமல் வேறொரு பத்திரமான இடத்தில் வையுங்கள். என்றைக்காவது பூட்டு பழுதாகி உங்களுக்காகவே ஒருவர் டிரில் எடுத்துக்கொண்டு வந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.