எபிசோட் முடிவில் நிறுத்தியதுதான் தப்பு

மூன்று வாரமாக இதே கதை. இரவு 10 மணிக்கு "ஒரே ஒரு எபிசோட்" என்று உட்காருவேன். எழும்போது மணி 2.30. தள்ளிப்போட்ட ஒரு வேலையை நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியும். தெரிந்து என்ன பயன்?

முதலில் தொடர் பார்க்கும் செயலியைப் போனிலிருந்து அழித்தேன். மறுநாளே திரும்ப ஏற்றினேன். அப்புறம் அலாரம் வைத்தேன். அதை அணைக்கக் கை பழகிவிட்டது. அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை நிறுத்தினேன். போனில் நின்றது, டிவியில் ஓடியது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் கண்ணில் பட்டது: அந்த செட்டிங் மொத்தக் கணக்குக்கும் இல்லை, ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் (ஒரே கணக்குக்குள் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது) தனி. டிவியில் திறந்திருந்தது வேறு ப்ரொஃபைல். சரி, அதையும் மாற்றினேன். இப்போது ரிமோட்டை நானே அழுத்தினேன்!

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எப்போதும் எபிசோட் முடிந்ததும் எழுந்துவிட நினைத்தேன். ஆனால் அங்கேதான் கதையில் கதவு தட்டப்படும், யாரென்று காட்டாமல் திரை இருளும். நிறுத்த அதைவிட மோசமான இடம் கிடையாது. எழுதுகிறவர்கள் முடிச்சுப் போடுவதே அங்கேதான். அடுத்த எபிசோடில் பத்து நிமிடம் போனால் பெரும்பாலும் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும், கதை கொஞ்சம் சோம்பலாக நகரும். இப்போது அங்கே நிறுத்துகிறேன், யாராவது பாதி வாக்கியம் பேசிக்கொண்டிருந்தாலும்.

முதல் நாள் எரிச்சலாக இருந்தது. நான்காம் நாள் 11.30க்கே தூங்கிவிட்டேன். தள்ளிப்போட்ட அந்த வேலையைக் காலையில் எடுத்தேன். 40 நிமிடம்தான் ஆனது.