சீன ஒப்பந்தச் சட்டமும் கம்பெனிச் சட்டமும்: எங்கே தொடங்கிப் படிப்பது

பழைய நூல்களை முதலில் ஒதுக்குங்கள். 1999-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் சிவில் சட்டத் தொகுப்பின் மூன்றாம் பகுதிதான் செல்லும்.

அதில் 585 முதல் 587 வரையுள்ள பிரிவுகளை வரிவரியாகப் படியுங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். 'திங்ஜின்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. முதல் எழுத்து மட்டும் வேறு. ஒன்று (定金), சட்டப்படியான உறுதிப்பணம். கொடுத்தவர் ஒப்பந்தத்தை மீறி அதன் நோக்கமே கெட்டால் பணம் திரும்பாது. வாங்கியவர் அப்படிச் செய்தால் இரட்டிப்பாகத் தர வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான் இந்த விதி செல்லும். மற்றது (订金) வெறும் முன்பணம். இரட்டிப்பு கேட்க வழியில்லை. ஆங்கிலப் பிரதியில் இந்த வேறுபாடு எளிதில் மறைந்துவிடும். சீன மூலத்தில் அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கம்பெனிச் சட்டத்தில் 2024 ஜூலை 1-இல் அமலான திருத்தம் முக்கியம். 47-ஆம் பிரிவின்படி, வரையறுக்கப்பட்ட பொறுப்பு கம்பெனியின் பங்குதாரர் ஒப்புக்கொண்ட மூலதனத்தை 5 ஆண்டுக்குள் செலுத்தியாக வேண்டும். கௌரவத்துக்காகப் பெரிய தொகையைப் பதியக்கூடாது. 2020-இல் அமலான அந்நிய முதலீட்டுச் சட்டத்தையும் கூடவே படியுங்கள்.

பயிற்சிக்கு ஒரு ஒப்பந்தத்தை எடுத்து, முத்திரையிலுள்ள சீனப் பெயரை வணிக உரிமத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு உரிமத்திலுள்ள, எண்களும் எழுத்துகளும் கலந்த 18 இடக் குறியீட்டை அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் தேடுங்கள்.