சவரக்கத்திக்கு மரப்பிடி: ஆப்பில் அவசரம் வேண்டாம்

மடக்குச் சவரக்கத்தியில் கை வைக்கும் முன் அலகின் கூர்விளிம்பு முழுக்க டேப் ஒட்டிவிடுங்கள். கடைசிவரை அது இருக்கட்டும். பழைய பிடியின் ஆணித்தலைகளை அரத்தால் ராவி, ஆணிகளைத் தட்டி எடுங்கள். பிடி உடைந்திருந்தாலும் வீசிவிடாதீர்கள், அளவு எடுக்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

மரம் அடர்த்தியாக இருக்கவேண்டும். தேக்கு, ஈட்டி, கருங்காலி எதுவும் சரி. ஈட்டித் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகக்கவசம் அவசியம். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடுகள் போதும். ரேகை நீளவாக்கில் ஓடட்டும், குறுக்கே ஓடினால் மெல்லிய பிடி பட்டென்று ஒடியும்.

இரண்டு தகடுகளையும் இருபக்க டேப்பால் ஒட்டி, பழைய பிடியை வைத்துக் கோடு போடுங்கள். அலகை அந்தக் கோட்டின் மேல் வைத்து, மடக்கிய நிலையில் கூர்விளிம்பு உள்ளே மறைகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் துளை. 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பிக்கு அதே அளவு துளை, இரு முனையிலும் ஒன்று. ட்ரில் சாய்ந்தால் அலகும் சாயும். வெட்டுவதும் ராவுவதும் அதன் பிறகு, தகடுகள் ஒட்டியிருக்கும்போதே.

என்னைக் கேட்டால், பிடியின் உயிர் வால்முனையில் இரு தகடுகளுக்கும் நடுவே வைக்கும் ஆப்புதான். பலர் அதை ஏதோ இடைவெளி அடைக்கும் துண்டாக நினைக்கிறார்கள். அலகு சுழலும் அச்சுப் பக்கம் அலகின் கனமும், அதன் இருபுறமும் உள்ளே போடும் வாஷர்களும் தகடுகளை விரித்து வைக்கின்றன. வால்பக்கம் ஆப்பு அதைவிட மெலிதாக இருந்தால்தான் தகடுகள் லேசாக வளைந்து அலகைப் பிடித்துக்கொள்ளும். அலகின் அடிப்பகுதிக் கனத்தில் பாதி வைத்துத் தொடங்குங்கள். கனமான பக்கம் அச்சை நோக்கியும், மெல்லிய பக்கம் வால் நோக்கியும் சரியட்டும். ரொம்ப மெலிந்தால் தகடுகள் அலகின் மேல் உரசும்.

ஆணி அடிக்கும் முன் சின்ன போல்ட், நட் போட்டு மடக்கிப் பாருங்கள். அலகு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஆப்பின் ஒரு முகத்தை மட்டும், மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ, உப்புத்தாளில் நாலைந்து இழுப்பு தேய்த்து மறுபடி மாட்டுங்கள். மயிரிழை அளவு மாறினாலே அலகின் முனையில் நன்றாகத் தெரியும். நடுவில் இறங்கும்வரை கழற்றி மாட்டச் சலிக்கவே கூடாது.

120, 220, 400 என்று உப்புத்தாள் தேய்த்து, உள்பக்கமும் சேர்த்து எண்ணெய் பூசிக் காயவிடுங்கள். சவரத் தண்ணீர் உள்ளேயும் போகும்.

பிறகு கம்பி, வெளியே வாஷர். இருபுறமும் கம்பியின் குறுக்களவுக்கு மேல் நீட்டல் வேண்டாம். கனமான இரும்பின் மேல் வைத்து, சின்ன உருண்டைத்தலைச் சுத்தியலால் கம்பியின் ஓரத்தைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளையும், மரம் பிளக்கும். நாலு தட்டுக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, அலகைத் திறந்து பாருங்கள். விட்ட இடத்தில் அது நின்றால் நிறுத்திவிடலாம். அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டேப்பை உரியுங்கள்.